பூரி உப்பலாம், பேட்டரி உப்பலாமா?

திருநள்ளாறு தாண்டி ஒரு சம்பா வயல். புகையான் பூச்சிக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்திருந்தது. பத்து லிட்டர் டேங்க், ஆறு விசிறி. ஒரு ஏக்கரைப் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு வரப்பில் இறங்கியது. ஓட்டுகிற தம்பி பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். தொட்டுப் பார்த்தேன், இறக்கிவைத்த பால் சட்டி மாதிரி இருந்தது. வயல்காரர் நல்லெண்ணத்தில் தோள் துண்டை வாய்க்காலில் நனைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வேணாம்ண்ணே! நிழல்ல கெடந்தா அதுவா ஆறிடும்."

தம்பி சொன்னது சரி. இந்தப் பக்கத்து உப்புக்காற்றே கனெக்டரை அரித்துவிடும், அதற்கு மேல் ஈரம் எதற்கு? ஆறுவதற்கு அரைமணி நேரமாவது விட வேண்டும். சூட்டோடு சூடாக ஜெனரேட்டரில் சொருகினால்தான் வினை.

இந்த பேட்டரிக்கு லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், என்று பெயர். 22 வோல்ட், 22,000 எம்ஏஎச் உள்ள ஒன்றில் ஏறக்குறைய 25 செல்போன் பேட்டரிகளின் சக்தி அடங்கியிருக்கிறது. இரும்பு உறை கிடையாது. மெல்லிய அலுமினியத் தாள் பைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிட்டாலும், வெயிலில் காயப்போட்டாலும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாத வாயு பையை உப்பவைக்கிறது. சூடு 130 டிகிரியை நெருங்கினால் உள்ளே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும். பிறகு சூடே சூட்டைப் பெருக்கும். ஒயரைப் பிடுங்கினாலும் நிற்காது.

உப்பியதை நம் ஆட்கள் தூக்கிப்போட மாட்டார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாயிற்றே! "இன்னும் நாலு டேங்க் ஓடும்" என்று பெல்ட்டை இறுக்கிக் கட்டிப் பறக்கவிடுவார்கள். சிலர் ஊசியால் குத்திக் காற்றை இறக்கப் பார்ப்பார்கள். அது சைக்கிள் டியூப் இல்லை. குத்திய இடத்தில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அங்கேயே பற்றிக்கொள்ளும்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதுவும் லித்தியம் குடும்பத்து பேட்டரிதான். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு உண்டு. அதனால் தூங்கும் அறையிலும் வாசற்படி ஓரத்திலும் சார்ஜ் வேண்டவே வேண்டாம்.

சார்ஜ் ஏறும்போதே உப்பினால் பேட்டரியைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல வாசனை வந்தாலோ, வெள்ளைப் புகை கிளம்பினாலோ, எல்லோரும் வெளியே வந்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101. லித்தியம் தண்ணீரில் பற்றும் என்று பள்ளியில் படித்தது உலோக லித்தியத்துக்கு. இதில் இருப்பது பெரும்பாலும் சேர்மம். மின்சாரத்தை நிறுத்தியபின், தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும். மணல் சுவாலையை அடக்கும், சூட்டை இறக்காது.

சும்மா உப்பியிருந்தால்? கனெக்டரில் டேப் சுற்றி, காய்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில், மூடியை இறுக்காமல் வீட்டுக்கு வெளியே வைக்கலாம். யூடியூபில் சொல்கிற உப்புத் தண்ணீர் வைத்தியத்தை நான் நம்ப மாட்டேன். முனைகள் அரித்துப்போய் மின்சாரம் உள்ளேயே தங்கிவிடும். பார்க்கச் செத்தது போல் கிடக்கும்.

அப்புறம் எங்கே கொடுப்பது? 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சட்டம் தெளிவுதான். ஆனால் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு என்று இருக்கும் காரைக்காலிலிருந்து அதை எப்படி அனுப்புவது? உப்பிய பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. பஸ் பார்சலில் போட்டால், அடிவயிற்றுச் சூட்டில் நாற்பது பயணிகளுக்குக் கீழே அது படுத்திருக்கும்.

தம்பியின் தெருமுனைக் காலிமனையில், பூவரச மரத்தடியில் பழைய பெயிண்ட் டின் ஒன்று இருக்கிறது. உள்ளே மணல், மணலுக்குள் உப்பிய பேட்டரி.

"ரெண்டு மாசமா கெடக்கு. ஆள் அனுப்புறேன்னு சொல்லிருக்காங்க."

வயல்காரர் டின்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுவரைக்கும் என் மாட்டை வேற மரத்துல கட்டிக்கறேன் தம்பி."