நெடுந்தீவுப் பிள்ளைக்கும் தெரிவுக்குழுவுக்கும் இடையிலுள்ள தூரம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் முதலில் வருவது மண்டைதீவு. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணம் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே அடிக்கல் நாட்டினார். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். அதன் பிறகு கொழும்பு, கண்டி, காலி, மொறட்டுவை, தம்புள்ளை, அம்பாந்தோட்டை என்று பல ஊர்களில் சர்வதேசப் போட்டிகள் நடந்தன. வடக்கிலோ கிழக்கிலோ ஒன்றுகூட நடக்கவில்லை. 2009 மே வரைக்கும் யுத்தத்தைக் காரணமாகச் சொல்லலாம். அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அந்தக் காரணம் போதாது. 2011 உலகக் கிண்ணத்துக்காக சூரியவெவவில், மக்கள் நெருக்கம் குறைந்த காட்டுப் பகுதியில் புதிதாக மைதானம் கட்ட முடிந்தது. நூறு வருடத்துக்கு மேலாகத் துடுப்பாட்டம் ஆடிவரும் யாழ்ப்பாணத்துக்கு அடிக்கல் வந்து சேர இன்னும் பதினான்கு வருடம் பிடித்தது.

"தமிழரைச் சேர்க்காதே என்று எந்தத் தெரிவாளர் சொன்னார்? முரளி விளையாடவில்லையா?" என்ற கேள்வி, துடுப்பாட்டத்தில் தமிழருக்குப் பாகுபாடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் வரும். கேட்கிறவர்கள் பலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வேறொரு நாட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1993இல் இலண்டனில் ஸ்டீபன் லோறன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பொலிசார் விசாரணையைச் சீரழித்தார்கள். 1999இல் வெளியான மக்பெர்சன் அறிக்கை, பொலிஸ் சேவை முழுவதிலும் நிறுவனமயப்பட்ட இனப்பாகுபாடு இருக்கிறது என்று முடிவு சொன்னது. அந்த அறிக்கை ஒவ்வொரு பொலிஸ்காரரையும் இனவெறியர் என்று சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கிடைக்க வேண்டியது, அவர்களுடைய நிறத்தாலோ இனத்தாலோ பண்பாட்டாலோ, தொடர்ந்து கிடைக்காமல் போகிறதா என்று அது பார்த்தது. அப்படிப் போகிறதென்றால், யாருடைய மனதிலும் வெறுப்பு இல்லாவிட்டாலும் அந்த நிறுவனத்தில் பாகுபாடு இருக்கிறது. அறியாமை, அக்கறையின்மை, இன்னார் இப்படித்தான் என்ற முன்முடிவு, "எப்போதும் இப்படித்தானே செய்கிறோம்" என்ற பழக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

இதை எங்கள் தீவகத்தில், அதாவது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளில், வைத்துப் பாருங்கள். நெடுந்தீவில் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று நன்றாகச் சுழற்பந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரில் காலை எட்டு மணிக்குத் தெரிவுப் பயிற்சி. பிள்ளை படகேறிக் குறிகட்டுவானுக்கு வர ஒரு மணித்தியாலம் ஆகும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக பஸ்ஸில் நகருக்கு வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. முதல் நாளே வந்து தங்குவதென்றால் தங்க உறவினர் வீடு வேண்டும், கூட வருகிற தகப்பனின் ஒருநாள் கடற்றொழில் வருமானம் போகும். பிள்ளை இதுவரை ஆடியது மென்பந்து. அங்கே கடினபந்து. காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், மட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம்.

இதையெல்லாம் தாண்டி யாழ்ப்பாண மாவட்ட அணிக்கு வந்துவிட்டாலும் அடுத்த வாசல் கொழும்பில்தான் இருக்கிறது. தேசிய அணிக்கான பாதை பாடசாலையிலிருந்து முதல்தரக் கழகத்துக்குப் போய், அங்கிருந்து தெரிவாளர் கண்ணில் பட்டு மேலேறுகிற பாதை. அந்தக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை. அவை புற்றரை ஆடுகளத்தில் ஆடுகின்றன. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளே நெடுங்காலம் மெத்தை விரித்த ஆடுகளத்தில்தான் ஆடின. மெத்தையில் பந்து எழும் உயரம் வேறு, புற்றரையில் அது திரும்பும் வேகம் வேறு. வடக்கில் நூறு ஓட்டம் எடுத்தவன் கொழும்பில் முதல் வாரம் தடுமாறுவான். "தரம் போதாது" என்று குறித்துக்கொள்வார்கள். பயிற்சி அறிவுறுத்தல் சிங்களத்தில், ஓய்வறைப் பேச்சும் சிங்களத்தில். யுத்த காலத்தில் இதோடு சோதனைச்சாவடியும் பொலிஸ் பதிவும் சேர்ந்தன. தனியே அறை எடுத்துத் தங்கிய தமிழ் இளைஞன் எந்த இரவிலும் கைது செய்யப்படலாம் என்ற நிலையில், எந்தத் தாய் தன் மகனைப் பந்து வீசக் கொழும்புக்கு அனுப்புவாள்?

இந்த வழி நெடுகிலும் ஒருவர்கூட "தமிழரை எடுக்காதே" என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. வழி போடப்பட்ட விதமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தீவகத்தவருக்கு அந்தக் கடல்வழி எப்போதும் வெறும் பயணமாக இருந்ததுமில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, கைக்குழந்தை உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். 1990க்குப் பிறகு தீவுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. இடம்பெயர்ந்தவர்களில் பெருந்தொகையானோர் பாரிஸ், ரொறன்ரோ, இலண்டன் என்று போய்விட்டார்கள். பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் பதினொருவரைச் சேர்ப்பதே பாடு. விளையாட்டைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். 1956இன் சிங்களம் மட்டும் சட்டம், எழுபதுகளின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், தொண்ணூறுகளில் எரிபொருளையும் பற்றரியையும் சீமெந்தையும் வடக்குக்குத் தடுத்த பொருளாதாரத் தடை எல்லாம் மைதானத்துக்கு வெளியே நடந்தவை. அவற்றின் விளைவு மைதானத்துக்குள்ளும் தெரிகிறது.

"தமிழருக்குத் துடுப்பாட்டத்தில் ஆர்வமில்லை" என்று சொல்வோர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். கொழும்புத் தமிழ் யூனியன் கழகம் 1899இல் தொடங்கப்பட்டது. சிங்கள விளையாட்டுக் கழகமும் அதே ஆண்டுக்குரியது. பறங்கியர், சோனகர், மலாயர் என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கழகம் இருந்த காலம் அது. மகாதேவ சதாசிவம் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்தது தமிழ் யூனியனின் மைதானத்தில்தான். பைக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரை அது இன்றைக்கும் தாங்கி நிற்கிறது. யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இலிருந்து மோதிவருகின்றன. ஆர்வத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

இனி முரளி. முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் இலக்குகள் எடுத்தவர். அவரை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். 1995 டிசம்பர் 26இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர் அவர் பந்தை ஏழு முறை முறையற்றது என்றார். 1999இல் அடிலெய்டில் மறுபடியும் ஒரு நடுவர் அப்படிச் செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துக்கொண்டு போய் வாதாடினார். ஒரு சிங்களத் தலைவர் தமிழ் வீரருக்காக உலகத்தின் முன் நின்றார். இதை மறைக்கக் கூடாது. அதே முரளியின் குடும்பத் தொழிற்சாலையை 1977 வன்செயலில் எரித்தார்கள், தகப்பனார் வெட்டுக்காயம் பட்டார். இதையும் மறைக்கக் கூடாது. முரளி கண்டி நகரத்துக் குடும்பத்துப் பிள்ளை. கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸ் கல்லூரியில் நல்ல ஆடுகளமும் நல்ல பயிற்றுநரும் அவருக்குக் கிடைத்தன. அந்த வசதி கிடைத்த தமிழ்ப் பிள்ளை உலகின் உச்சத்துக்குப் போனது. வசதி கிடைக்காத பிள்ளைகளில் எத்தனை முரளி இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் உள்ளே போனதைக் காட்டிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது தவறு.

1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்களில் பெரும்பாலோர் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாக இருந்தார்கள். அதற்கு நாலரை மாதத்துக்கு முன்புதான் யுத்தத்தால் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியிருந்தார்கள். வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள், அது தங்கள் நாட்டின் வெற்றியா என்று விளங்காமல் நின்றவர்களும் இருந்தார்கள். அந்தக் குழப்பத்தை நாட்டுப்பற்றில்லாமை என்று பேசுவது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

விளையாட்டிலுள்ள இனப்பாகுபாட்டைப் பிற நாடுகள் எப்படி எதிர்கொண்டன? இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் கழகத்தின் முன்னாள் வீரர் அசீம் ரபீக் 2021 நவம்பரில் பாராளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். அவர் மீது வீசப்பட்ட இனவசைகளை நண்பர்களுக்கிடையிலான பகிடி என்று கழகத்தின் விசாரணை தள்ளியிருந்தது. அது அம்பலமானதும் கழகத்தின் தலைமை ஆட்டங்கண்டது. பிறகு 4,00,000 பவுண் தண்டமும் புள்ளிக் குறைப்பும் வந்தன. ரபீக் தானும் இளவயதில் யூதரை இழிவாக எழுதியது வெளிவந்தபோது அதற்கு மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர் குறையற்றவராக இருந்தால்தான் அவர் முறைப்பாட்டைக் கேட்போம் என்று ஒரு நிறுவனம் சொல்ல முடியாது. 2023 ஜூனில் சிண்டி பட்ஸ் தலைமையிலான சுயாதீன ஆணைக்குழு, 4,000க்கும் மேற்பட்டோரின் அனுபவங்களைத் திரட்டி, இனம், பால், வர்க்கம் மூன்றிலும் பாகுபாடு ஊறியிருக்கிறது என்று அறிக்கை வைத்தது. 44 பரிந்துரைகளையும் தந்தது. இங்கிலாந்து கிரிக்கெட் சபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தென்னாபிரிக்கா 2021இல் பகிரங்க விசாரணை நடத்திப் பழைய வீரர்களைப் பேசவிட்டது. அதற்கு முந்திய ஆண்டே அந்நாட்டின் முதல் கறுப்பின ஆபிரிக்க டெஸ்ட் வீரர் மக்காயா நிட்டினி, அணி பஸ்ஸில் தனிமைப்பட்டு இருக்க முடியாமல் மைதானத்துக்கு ஓடியே போனதாகச் சொன்னார்.

இலங்கைக்கும் இனப்பாகுபாடு விளங்காத விடயமல்ல. 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி நிறவெறித் தென்னாபிரிக்காவுக்குப் போய் ஆடியபோது, அதில் போன வீரர்களுக்கு 25 வருடத் தடை விதிக்கப்பட்டது. வேறு நாட்டு நிறவெறியை நாடு அவ்வளவு தெளிவாக இனங்கண்டது. தன் வீட்டுக்குள் அதேபோன்ற பகிரங்க விசாரணை ஒன்றை இலங்கைத் துடுப்பாட்டம் நடத்த வேண்டும்.

அதே கேள்வியை எங்களிடமும் நாங்கள் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டம் மிஷன் கல்லூரிகளில் வளர்ந்தது. அந்தக் கல்லூரிகளின் வாசல் நெடுங்காலம் எல்லாச் சாதிக்கும் ஒரேமாதிரித் திறக்கவில்லை. நகரத்தவர் தீவகத்தவரைத் "தீவான்" என்று ஏளனமாகக் கூப்பிட்டது பழைய கதையாகிவிட்டதாக நான் நம்பவில்லை. இந்தியாவில் தலித் வீரர் பல்வங்கர் பாலு, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேல் இலக்குகள் எடுத்தும், பம்பாய் இந்துக்கள் அணியின் தலைவராக ஒருபோதும் ஆக்கப்படவில்லை. ஆரம்ப காலத்தில் அவருக்குத் தேநீர் வெளியே, வேறு குவளையில் கொடுக்கப்பட்டது. கொழும்பைக் குற்றம் சொல்லும் எங்கள் வாயில், எங்கள் ஊர் அணிகளில் யார் தலைவர், யார் பந்து பொறுக்குகிறவர் என்ற கேள்வியும் வர வேண்டும்.

மண்டைதீவு மைதானத்தை நான் வரவேற்கிறேன். அந்தத் தாழ்நிலமும் கண்டலும் பாதிக்கப்படும் என்று சூழலியலாளர் சொல்வதற்கு முறையான பதில் வேண்டும். 1990 ஆகஸ்டில் அந்தத் தீவிலும் அல்லைப்பிட்டி, மண்கும்பானிலும் இராணுவம் பிடித்துச் சென்று திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கும் பதில் வேண்டும். மைதானம் ஒன்று வந்துவிட்டதாலேயே வீரர் வந்துவிடமாட்டார். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றது, யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிகூட ஆடாமல். ஆனாலும் அந்த அணி யாழ். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு 2020இல் இடம் கொடுத்தது. 2023 ஆசிய விளையாட்டில் அவர் இலங்கைக்காக ஆடினார், 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். ஓர் இடம் திறந்தபோது நான்கே வருடத்தில் நடந்தது இது.

அந்த இடங்களைத் திறப்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. தெரிவாளர்கள் வருடத்தில் சில நாளாவது வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் வர வேண்டும். வெளித்தீவுப் பிள்ளைகளுக்குப் படகுச் செலவும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். தமிழில் பயிற்றுவிக்கும் தகுதிபெற்ற பயிற்றுநர்கள் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர்கள் வேண்டும். வயதுப்பிரிவு முகாம்களுக்கு எந்த மாவட்டத்திலிருந்து, எந்த மொழி பேசுகிற எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்கில்லாத இடத்தில் பாகுபாட்டை மறுப்பது மிக எளிது.

பெற்றோருக்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் கையில் இருக்கிற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. "பிறந்த இடம்" என்பது தீவகப் பிள்ளைக்கும் பொருந்தும். அரச நிறுவனம் ஒன்று இதை மீறினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தீவக வலயக் கல்வி அலுவலகத்திடமோ விளையாட்டுத்துறை அமைச்சிடமோ கேள்வி எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பாடசாலைகளுக்கு விளையாட்டுக்கென்று எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை கடினபந்துப் பயிற்றுநரை நியமித்தீர்கள் என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் திகதியிட்ட பற்றுச்சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.