தண்டுவடக் காயத்திற்குப் பின் விளையாட்டு

முரளிகாந்த் பேட்கர் இந்திய இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக விளங்கியவர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு, இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்தார். பின்னர் நீச்சலில் தேர்ச்சி பெற்று, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டரை 37.33 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. அதே போட்டியில் ஈட்டி எறிதலிலும் பங்கேற்றார்.

"இனி அவ்வளவுதானா, டாக்டர்?" என்று கேட்கும் குடும்பத்தினரிடம் இவரைப் பற்றி நாங்கள் சொல்வதுண்டு, பதக்கத்திற்காக அன்று. தோளும் கையும் வலுப்பெற்றால், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலர் பிறர் துணையின்றியே மாற இயலும். எங்கள் கண்ணுக்கு அதுவே பெரிய வெற்றி.

பயிற்சி தொடங்குமுன் தோலைக் கவனியுங்கள். உணர்வற்ற இடத்தில் படுக்கைப்புண் வலியின்றியே தோன்றும். ஆகவே நாற்காலியில் இருக்கையில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்தவோ, முன்புறம் சாயவோ வேண்டும். பிட்டத்தையும் குதிகாலையும் வீட்டார் நாள்தோறும் பார்த்தல் நன்று.

கழுத்திலோ மேல்முதுகிலோ காயமுற்றோருக்குக் காயத்திற்குக் கீழே வியர்வை குறைவு. வெயிலில் ஆடினால் உடல் வெப்பம் விரைந்து ஏறும். அவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகச்சிவப்பும் கண்டால், நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்த்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.