"நேரா என் காதைப் பாருங்கண்ணா!"

கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க அனுமதி கிடைத்தால் விடுவேனா! லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஒற்றைக் கண்ணைப் பொத்தியபடி வந்து உட்கார்கிறார். பட்டறையிலேயே ஆளுக்கொரு முறை ஊதிப் பார்த்துவிட்டார்களாம்.

டாக்டரம்மா கண்ணைத் தொடவில்லை. "சுத்தியலா, கிரைண்டரா?" என்கிறார். சுத்தியல் அடியில் தெறிக்கும் இரும்புச் சில்லு விழியைத் துளைத்து உள்ளேயே போய்விடக்கூடும். கிரைண்டர் தூள் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். இவர் கிரைண்டர். அடுத்து, சுவரில் எழுத்துப் பலகை, 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் தந்தது. வலியில் துடிப்பவரை வாசிக்கச் சொல்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். ஆனால் அடிபட்ட அன்று பார்வை எவ்வளவு இருந்தது என்பதைப் பிறகு அளக்க முடியாதல்லவா? சுண்ணாம்போ ஆசிடோ பட்டு வந்தால் மட்டும் பலகைக்கு வேலையில்லை. முதலில் கழுவு, கழுவு, கழுவு!

டார்ச் அடித்துப் பாவையைப் பார்க்கிறார். நல்ல வட்டம். அது ஒரு பக்கமாகக் கூம்பியிருந்தால் விழி கிழிந்திருக்கலாம். அப்போது இமையை அழுத்தவே கூடாது, மேலே கவசம் மூடி அறுவை அரங்குக்கு ஓட்டம்தான்.

இப்போதுதான் ஆட்டமே! மரத்துப்போகச் சொட்டு மருந்து. சாயம் தோய்ந்த ஆரஞ்சு நிறக் காகித நுனியால் கீழிமைக்குள் ஒரு தொடல். விளக்கு அணைகிறது. "தாடையை இதுல வைங்க, நெத்தியை ஒட்டுங்க, நேரா என் காதைப் பாருங்கண்ணா." ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் நீல வெளிச்சம். எனக்கும் ஒரு கண் பார்க்கக் கிடைத்தது. அடடா! கருவிழியில் பூனை பிராண்டியதுபோல மேலும் கீழுமாகப் பச்சைக் கோடுகள் ஜொலிக்கின்றன. தோல் உரிந்த இடத்தில் மட்டும் சாயம் ஒட்டுமாம்.

"குற்றவாளி மேலிமைக்கு உள்ளே" என்று கிசுகிசுக்கிறார் டாக்டர். சிமிட்டும்போதெல்லாம் கீறியிருக்கிறது! "கீழே பாருங்க." இமைமுடியைப் பிடித்து, பஞ்சுக்குச்சியை மேலே வைத்து, ஒரே புரட்டு. உள்பக்கச் சிவப்பில் கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புத் துகள். ஈரப் பஞ்சால் ஒரு ஒற்று, வந்துவிட்டது.

"இம்மாத்தூண்டா மேடம்?" என்று வாய் பிளக்கிறார் பட்டறைக்காரர்.

"ஆமா. சாயம் மூக்குக்கும் இறங்கும். சிந்தினா மஞ்சளா வரும், அதுக்கும் ஓடி வந்துடாதீங்க!"