கை முந்துமா, மூளை முந்துமா?

‘வீடியோ சண்டை விளையாட்டில் யோசிக்க எங்கே நேரம்? எல்லாம் உள்ளுணர்வுதான்’ என்று இளையர்கள் பலர் சொல்வதுண்டு. அது உண்மையா?

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ விளையாட்டில் வினாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறையக் கால் வினாடி, அதாவது 15 படங்கள் ஓடும் நேரம் பிடிக்கும். வேகமான குத்தோ 3 முதல் 5 படங்களுக்குள் விழுந்துவிடும். பார்த்தபின் தடுக்க வழியில்லை.

2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த ‘ஈவோ’ போட்டியில், ஜப்பானியர் டைகோ உமெஹாராவின் ‘கென்’ பாத்திரத்துக்கு உயிர் துளியளவே மீதமிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் தோல்விதான். அமெரிக்கர் ஜஸ்டின் வோங் 15 அடிகள் கொண்ட தாக்குதலைத் தொடுத்தார். ஒவ்வோர் அடியும் விழும் கணத்தில் விசையை முன்புறம் தட்டி, பதினைந்தையும் முறியடித்து அந்தச் சுற்றை வென்றார் உமெஹாரா.

தாளம் தவறாத அந்தத் தட்டல் பயிற்சியால் கைக்கு வருவது. ஆனால், முதல் தட்டலைத் தாக்குதல் தொடங்குமுன்பே தட்டியாக வேண்டும். எதிராளி எப்போது பாய்வார் என்று கணிக்காமல் அது முடியாது.

ஒவ்வோர் அடிக்கும் யோசிப்பவர் பிந்திவிடுவார். கையை மட்டும் நம்புபவர் ஒரே பழக்கத்தில் சிக்குவார். எதிராளி அதை எளிதில் கண்டுகொள்வார். எப்படி அடிப்பது என்பதைப் பயிற்சியில் கையிடம் ஒப்படைத்தால்தான், எப்போது அடிப்பது என்று யோசிக்க மூளைக்கு இடம் கிடைக்கும். ஆகவே, விரல்களைப் பழக்குவதோடு, தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்த்து, எங்கே ஒரே மாதிரி ஆடினோம் என்று ஆராய்வதும் பயிற்சிதான்.