வலி போயிற்று, வியாதி போகவில்லை



நான் மருத்துவன் அல்ல. வார்டில் படுக்கை படுக்கையாய்ச் சென்று நோயாளிகளோடு பேசி ஜெபிக்கிறவன். ஆயினும் எங்கள் டாக்டர்கள் பெற்றோருக்குச் சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு, ருமாட்டிக் காய்ச்சலைக் குறித்து ஓரளவு அறிந்திருக்கிறேன். நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

இது 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே அதிகமாய்த் தாக்குகிறது. ஆரம்பம் வெறும் தொண்டை வலிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியே காரணம். சளி, இருமல் இல்லாமலே காய்ச்சல் வரும். எச்சில் விழுங்கினால் வலிக்கும். கழுத்தில் நெறி கட்டும். சில நாளில் தானாக ஆறிவிடும். ஆனால் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளில் 2, 3 வாரங்களுக்குப் பின் சொந்த மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குகிறது.

முழங்கால் வீங்கும், தொட்டால் பிள்ளை அலறும். அது குறையும்போது கணுக்காலில் வலிக்கும், பிறகு முழங்கையில். சிலருக்குக் கைகால்கள் தம்மையறியாமல் வெட்டி இழுக்கும். கையெழுத்து கோணலாகும், தட்டு கைநழுவும். குறும்பு என்று எண்ணி இப்பிள்ளைகளை அடிப்பவர்களும் உண்டு. மூச்சிரைப்பு கண்டால் தாமதிக்கவே கூடாது. ஒரே பரிசோதனையில் இவ்வியாதி தெரிந்துவிடாது. அடையாளங்களோடு இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

மருந்து கொடுத்தால் மூட்டு வலி சீக்கிரம் போய்விடும். மோசம் அங்கேதான் இருக்கிறது. மறுபடியும் அந்தக் கிருமி தொற்றினால் காய்ச்சல் திரும்பலாம். திரும்பும்போதெல்லாம் இதய வால்வு மேலும் பழுதாகலாம். அதைத் தடுக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டும். இதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்கும் 5 ஆண்டுகள், அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீண்டதோ அதுவரை போடவேண்டும். வால்வு பழுதாகியிருந்தால் இன்னும் நீண்ட காலம். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

ஒரு தாய் என்னிடம், "புள்ள நல்லா ஓடியாடி விளையாடுறான் ஐயா, அவனுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்டாள். ஊசிக்கு வரும் நாளில் அவளுக்குக் கூலி இல்லை. பஸ் செலவு வேறு. எட்டு மாதத்தில் நின்றுவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பையனைத் தோளில் தூக்கிவந்தாள். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்கினான். வால்வு பழுதாகியிருந்தது. "நான்தான் ஐயா கெடுத்துட்டேனா?" என்று அழுதாள். பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவளிடம் நாங்கள் அவசரமாய்ச் சொன்னோமே தவிர, புரிந்ததா என்று கேட்கவில்லை. குற்றம் அவளுடையது மாத்திரமல்ல.

இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த ஊசித் தேதி எழுதிய அட்டை கொடுக்கிறோம். வராதவர்களை நர்ஸம்மா போனில் அழைக்கிறார். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி ஏழைத் தாய்மாரின் பஸ் செலவுக்குப் போகிறது. சிறிய தொகைதான், ஆனால் விட்டுப்போகாத ஊசி ஒரு பிள்ளையின் இதயத்தைக் காக்கும்.

உங்கள் ஞாயிறு பள்ளியில் எந்தப் பிள்ளையாவது காய்ச்சலும் தொண்டை வலியுமாய் இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். 10 நாள் மாத்திரை கொடுத்தால், வலி நின்றாலும் 10 நாளும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறான். அவனையும் அவன் தாயையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.