நோய் வருமுன் வழி எங்கே?

சர்க்கரை நோய் என்றதும் மாத்திரையும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நோய் ஓர் இரவில் வந்துவிடுவதன்று. பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் சர்க்கரை சற்று ஏறி நிற்கும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் நோய்க்கு முந்திய நிலை என்பார்கள். நம் வீடுகளில் “பார்டரில்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்! 2023-இல் வெளியான ஆய்வொன்றின்படி நம் நாட்டில் நோயாளர் 10 கோடி; இந்த முந்திய நிலையில் இருப்போரோ 13 கோடிக்கும் மேல்.

இவர்களைக் காக்க முடியுமா? முடியும் என்பதைச் சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் காட்டினர். 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் தொடர்ந்து கற்பிக்கப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது.

மருந்தே இல்லாத இவ்வழி ஏன் எல்லோரையும் எட்டவில்லை? வலி இல்லாதவர் மருத்துவமனைக்குப் போவதில்லை. கூலி வேலை செய்வோர் சோதனைக்கென்று போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். நம் தாய்மார்களோ, வீட்டில் எல்லோரையும் கவனித்த பிறகுதான் தம்மை நினைக்கிறார்கள்; அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். மிக நல்லது. ஆனால் மாத்திரை நோயாளிக்கு. நோய் வரக் காத்திருப்பவருக்கு வேண்டியது வேறு.

முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு இரத்தம் கூட எடுக்க வேண்டியதில்லை. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கே கேள்விகள். நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து, உடற்பயிற்சி ஏதும் செய்யாத 42 வயது அம்மா ஒருவரைக் கொள்வோம். வயதுக்கு 20, இடுப்பு 85 சென்டிமீட்டர், அதற்கு 10, உழைப்பின்மைக்கு 30, தந்தைக்கு நோய் இருந்ததால் 10. ஆக 70. அறுபதைத் தொட்டாலே இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, அறிவுரை அவர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். 2013-இல் வெளியான தென்னிந்திய ஆய்வொன்றில் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவே அறிவுரை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நோய் வந்தது. அதில் சேர்ந்த 537 பேரும் ஆண்கள்! வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அதுவும் அப்பாவின் பையில் இருந்தால், அம்மாவுக்குச் செய்தி எப்படி வரும்?

ஆகவே பெண்கள் தாமாகக் கூடும் இடங்களில் முகாம் வைப்பதே நலம் என்று எண்ணுகிறோம். ஞாயிறு முதல் திருப்பலிக்கு வருவோரில் பலர் காப்பிகூடக் குடிக்காமல் வருகிறார்கள். வெறும் வயிற்றுச் சோதனைக்கு இதைவிட வசதியான வேளை ஏது? இரத்தம் எடுக்கச் செவிலியர் ஒருவர் வேண்டும். இடுப்பை அளக்க ஆண்கள் வந்தால் எந்த அம்மாவும் நிற்கமாட்டார். அந்த வேலைக்கு ஓர் அளவு நாடாவும் எங்களைப் போன்ற நான்கு மாணவியரும் போதும்.