முனைவர் பட்டத்துக்குப் பின் வரும் ஆராய்ச்சிப் பருவம்



மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் முன்னர் வழங்கிய துறையை இன்று உளவியல் என்கிறோம். அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், நிலையான பணி கிடைக்கும் வரையில் தம் ஆராய்ச்சியை எவ்வாறு தொடர்வது? அக்காலத்தில் அவரைத் தாங்கும் உதவித்தொகைகள் யாவை? இவற்றை இன்று விளக்க முற்படுகின்றேன்.

முதலில் சிறிது வரலாறு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தது. அதை நடத்திய சென்குப்தா அமெரிக்காவில் ஹார்வர்டில் பயின்றவர். 1924-இல் மைசூரில் இத்துறையைத் தொடங்கிய கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மன் என்னும் அறிஞரிடம் பயின்றவர். இவரே 1935-இல் மைசூரில் தம் இல்லத்தில் ஒரு வானொலி நிலையம் நிறுவி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் தொடங்கிய துறைக்குத் தலைமை ஏற்ற போவாஸ், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அந்நாளில் உளவியல் ஆராய்ச்சியைக் கற்க விரும்பியவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. அது எத்தனை குடும்பங்களுக்கு இயலக்கூடியது? ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயிலில் கல்லூரிக்குச் செல்லும் ஒரு தொழிலாளியின் மகளுக்கும் இன்று அந்த வாயில் திறந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் பொதுப்பணத்தால் இயங்கும் உதவித்தொகைகளே.

அவற்றின் வரிசையை அறிந்துகொள்ளுங்கள். முதுகலைப் பட்டத்துக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேர்ச்சி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது 37,000 ரூபாயாகவும், முதுநிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பட்டம் பெற்ற பின் வருவது முனைவர் மேலாய்வு உதவித்தொகை. இதைப் பெறுவோர் ஒரு நிறுவனத்தைச் சார்ந்து, மூத்த அறிஞர் ஒருவரின் துணையோடு, ஓரிரு ஆண்டுகளோ அதற்குச் சற்று மேலோ ஒரே கேள்வியில் மூழ்கியிருக்கலாம். ஆராய்ச்சித் திட்ட மானியம் என்பது வேறு. உதவித்தொகை ஆராய்ச்சியாளரின் வாழ்க்கைச் செலவைத் தாங்குகிறது. திட்ட மானியம் கருவி, பயணம், உதவியாளர் ஊதியம் போன்ற ஆராய்ச்சிச் செலவைத் தாங்குகிறது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பிப்போர் பலர்.

எந்த வாயிலைத் தட்டுவது என்பதை உங்கள் கேள்வியே தீர்மானிக்கும். இதற்கு மேற்குப் புறநகரிலேயே சான்றுகள் காட்டலாம்.

அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை உருவாயிற்று. அங்கே இரவு முறையில் வேலை செய்பவரின் உறக்கம், களைப்பு, குடும்ப உறவு ஆகியவற்றை ஆராய்வது சமூகத்தைச் சார்ந்த கேள்வி. அதற்குரிய இடம் 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம். மேலாய்வு உதவித்தொகை, திட்ட மானியம் இரண்டையும் அது வழங்குகிறது. மானியக் குழுவும் 2022 செப்டம்பரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் 900 மேலாய்வு இடங்களை அறிவித்தது. மாதம் 50,000 ரூபாய். இடங்களில் 30 விழுக்காடு பெண்களுக்கு. அப்பெரியார் பிறந்த திருத்தணி, ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்து ஊரே.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. விரல் நுனியால் பிரெயில் எழுத்தைப் படிக்கும் குழந்தையின் மனத்தில் சொல் எவ்வாறு உருவாகிறது என்பது அறிதிறன் பற்றிய கேள்வி. இத்தகைய ஆய்வுக்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது.

ஆவடியில் பீரங்கி வண்டிகள் உருவாகின்றன. அந்த இரும்புக் கூட்டுக்குள் வெப்பத்திலும் இரைச்சலிலும் அமர்ந்திருக்கும் வீரரின் கவனம் எப்போது தளர்கிறது? இது பாதுகாப்பு ஆராய்ச்சியைச் சார்ந்தது. அத்துறையின் உயிர் அறிவியல் ஆராய்ச்சி வாரியம் பல்கலைக்கழகங்களுக்கும் மானியம் வழங்குகிறது.

மனநோய் பற்றிய கேள்விகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உண்டு. பொறுமையோடு தொடரும் ஆராய்ச்சி எதைத் தரும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அக்கழகத்தின் ஆதரவில், மனச்சிதைவு நோய் புதிதாகத் தோன்றிய 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினர். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்தது. அதன் இல்லம், அம்பத்தூருக்குச் சற்றுக் கிழக்கே, அண்ணாநகர் மேற்கு விரிவில் உள்ளது. 20 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 61 பேரின் நிலையை அறிய முடிந்தது. இடைவிடாது நோயுற்றிருந்தவர் மிகச் சிலரே. பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தும் திரும்பியும் வந்தது. இந்நோய் கண்டவர் வாழ்வு முடிந்தது என்று கலங்கும் குடும்பத்துக்கு இச்செய்தி எத்துணை ஆறுதல்! ஓராண்டுப் பணத்தோடு நின்றிருந்தால் இதை யாரும் அறிந்திருக்க முடியாது.

இனி, விண்ணப்பம் பற்றிச் சில சொற்கள். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்; எழுத வரவில்லையெனில் கேள்வி இன்னும் தெளியவில்லை. முன்னர்ப் பிறர் கண்டவை, நீங்கள் கையாளும் முறை, கால அட்டவணை, செலவுக் கணக்கு ஆகியவை அடுத்து வர வேண்டும். உளவியலின் ஆய்வுப்பொருள் மனிதர். ஆதலால் அவர்தம் மனமார்ந்த ஒப்புதலும், நெறிமுறைக் குழுவின் இசைவும் இன்றியமையாதவை. உங்களை ஏற்கும் நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். வயது வரம்பும் தொகையும் காலத்துக்குக் காலம் மாறுவன. அவ்வப்போதைய அறிவிப்பையே நம்புங்கள். வெளிநாடு செல்ல விழைவோருக்கு ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை போன்றவை உதவுகின்றன. அங்குள்ள ஓர் அறிஞர் உங்களை ஏற்க முன்வர வேண்டும்.

இடர்களையும் மறைக்க மாட்டேன். இடங்கள் குறைவு; விண்ணப்பிப்போர் மிகுதி. தொகை சில வேளை காலந்தாழ்ந்து வரும். வீட்டிலோ மாதச் சம்பளத்தை எதிர்பார்ப்பார்கள். ஆகவே முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டிலேயே, இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவது அறிவுடைமை.

ஆயினும் முயலுங்கள். வசதி படைத்தோர் மட்டுமே ஆராய்ந்தால், வசதி படைத்தோரின் கேள்விகளே ஆராயப்படும். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் தந்தையின் களைப்பை அருகிருந்து கண்ட பிள்ளைக்கு எழும் கேள்வி, பிறர்க்கு எளிதில் எழாது. அக்கேள்வியை இன்றே குறித்து வைத்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.